நினைவு விருந்துக் குதிரைகள்

பெர்மெத்தின் அப்பாவுக்கு,

உங்கள் அப்பாவின் ஆண்டு நினைவு விருந்தில் அறுப்பதற்காக வளர்த்த மூன்று குதிரைகளையும் நரின் சந்தையில் விற்றுவிட்டேன். மகள் பெர்மெத்தின் விமானிப் பயிற்சிக்கு முதல் தவணை கட்டியாயிற்று. முதலில் வங்கியில்தான் கடன் கேட்டேன். உங்கள் கையெழுத்து வேண்டுமாம். நீங்கள்தான் மாஸ்கோவில் இருக்கிறீர்களே.

உங்கள் தம்பி வாசலில் நின்று கத்தினார்.

"செத்தவருக்கு விருந்து போடாம பொண்ண வானத்துக்கு அனுப்புறீங்களா அண்ணி? ஊரு சிரிக்காதா?"

"சிரிக்கட்டும். அவளை மொதல்ல குதிரைல ஏத்திவிட்டதே அவர்தான். விருந்துக்கு ஆடு அறுத்துக்கலாம்" என்றேன்.

அடுத்த தவணைக்கு நம் வீட்டிலுள்ள மற்றக் குதிரைகளும் போகும்.

கோபமிருந்தால் நேரில் வந்து திட்டுங்கள். என்னைத் திட்ட ஆளில்லாமல் மூன்று வருடமாகிறது.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி