அண்ணன் எழுதிக் கொடுத்த வாரண்டி

மார்ச் 4, புதன்

கார் வந்து ஒரு நாள் ஆகிறது. ஏழு வருஷம் வேறு யாரிடமோ ஓடிய கார், ஆனாலும் எனக்குப் புதுசு. காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி ஒன்பது வீடுகளில் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தேன். ஸ்கூட்டரில் போன காலத்தில் ஐஸ்பெட்டியைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடையிலும் உள்ளே குழாய்கள் என்ன ஆயினவோ என்று பதறிக்கொண்டே போவேன். இன்று பெட்டி பக்கத்து இருக்கையில் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு ராணி மாதிரி வந்தது. ஏழரைக்குள் லேபில் கொடுத்துவிட்டேன். இரண்டு மணி நேரத்துக்குள் சேராவிட்டால் சர்க்கரை அளவு தப்பாக வரும், மறுபடியும் போய் அதே கையில் குத்த வேண்டும், அவர்களிடம் திட்டு வாங்க வேண்டும்.

காரைப் பார்த்து எடுத்தது அண்ணன். முப்பது வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். பதினொரு காரை வேண்டாமென்று தள்ளிவிட்டுப் பன்னிரண்டாவதன் முன்னால் நின்று, "இதை எடு பாப்பா. கண்ணை மூடிட்டு எடு" என்றான். எனக்கு நாற்பத்து நாலு வயது. இன்னும் பாப்பா.

விற்ற இடத்தில் ஒரு பச்சைக் கோப்பும் கொடுத்திருக்கிறார்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டியாம், இரண்டு வருஷத்துக்கு. வேண்டுமா வேண்டாமா என்று முப்பது நாளுக்குள் சொல்ல வேண்டும். ஏப்ரல் இரண்டு கடைசி நாள்.

மார்ச் 6, வெள்ளி

இவர், என் வீட்டுக்காரர், கோப்பின் பதினேழு பக்கத்தையும் படித்து முடித்துவிட்டார். கணக்கு வாத்தியார், கையில் சிவப்புப் பேனா இல்லாமல் எதையும் படிக்க மாட்டார். ஓரமெல்லாம் "தெளிவில்லை", "விளக்குக", ஓரிடத்தில் "மிக நன்று". அந்த மிக நன்று எதற்கென்று பார்த்தேன். பக்க எண்கள் சரியாக இருக்கின்றனவாம்.

அவர் கட்சி: வாரண்டி போட வேண்டும். "நீ விடியக்காலை தனியா போற. நடுரோட்டுல நின்னுட்டா யாருக்குப் போன் பண்ணுவ?"

"அண்ணனுக்கு."

"அப்ப அவர் தூங்கிட்டிருப்பார்."

அது உண்மைதான்.

மார்ச் 8, ஞாயிறு

அண்ணனும் அண்ணியும் சாப்பிட வந்தார்கள். கோப்பை ஒளித்து வைக்கச் சொல்லியிருந்தேன். இவர் அதைச் சாப்பாட்டு மேசையிலேயே விட்டிருந்தார், தட்டுக்குப் பக்கத்தில், சிவப்புக் கோடுகளோடு.

அண்ணன் நாலாம் பக்கத்தைப் படித்தான். கம்பெனி அங்கீகரித்த ஒர்க்‌ஷாப் தவிர வேறு யாராவது பானெட்டைத் திறந்து கை வைத்தால் வாரண்டி செல்லாது என்று அதில் இருக்கிறது.

"வேறு யாராவது," என்றான் அண்ணன். "அது நான்தான், இல்ல?"

"மச்சான், இது எல்லாருக்கும் பொதுவா போடுற கண்டிஷன்" என்றார் இவர்.

"சரி மாப்ளே. நான் பார்த்து எடுத்த வண்டிக்கு இன்னொருத்தன் உத்தரவாதம் குடுக்கணும். நல்லாருக்கு."

அதோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். இரண்டாவது முறை சோறு வேண்டாமென்றான். அண்ணன் இரண்டாவது முறை சோறு வேண்டாமென்று சொல்லி நான் பார்த்ததில்லை.

மார்ச் 9, திங்கள்

விற்றவர் போன் செய்தார். "மேடம், யோசிச்சீங்களா?" யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். நாளையும் செய்வார்.

மார்ச் 11, புதன்

அண்ணன் ஒர்க்‌ஷாப் பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, எழுதி, அண்ணியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறான். கிரீஸ் கைரேகையோடு. அப்படியே எழுதி வைக்கிறேன்:

"பாப்பாவின் காருக்கு வாரண்டி. எஞ்சின், கியர், பிரேக், லைட்டு, ஹாரன், எல்லாம் சேர்த்தி. காலம்: கார் இருக்கும் வரை அல்லது நான் இருக்கும் வரை. நேரம்: எந்த நேரமும், தூங்கினாலும் எழுப்பலாம். சேராதவை: மாப்பிள்ளை ஓட்டும்போது ஏற்படும் எதுவும்."

எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "தேதி போடல. சாட்சி இல்ல. 'எல்லாம்'ங்கறது ரொம்பத் தெளிவில்லை." கடைசி வரியை மட்டும் இரண்டு முறை படித்தார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவர் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது தண்ணீர்த் தொட்டியில் இடித்தது உண்டு.

ஆக என்னிடம் இப்போது இரண்டு வாரண்டி இருக்கிறது. ஒன்றை எடுத்தால் மற்றது போய்விடும்.

மார்ச் 14, சனி

காரில் ஒரு சத்தம். வாங்கிய நாளிலிருந்தே மெல்ல இருந்தது, நான்தான் புது உற்சாகத்தில் கண்டுகொள்ளவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் கீச் கீச் என்று, பல்லைக் கூச வைக்கிற மாதிரி. எஞ்சின் சூடானதும் குறைகிறது. ஆறாவது வீட்டுப் பெரியவர் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, "ரத்தம் எடுக்க வந்துட்டீங்கன்னு இந்தச் சத்தத்திலேயே தெரிஞ்சுபோச்சு" என்றார். பத்து நாளில் எனக்கு அடையாளமே அதுவாகிவிட்டது.

மார்ச் 15, ஞாயிறு

அண்ணனைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். கார் கீச் கீச் என்று கத்துகிறது. "கேளு" என்றேன். தலையைச் சாய்த்துக் கேட்டான். "எங்க சத்தம்? எஞ்சின் பஞ்சு மாதிரி ஓடுது. எல்லாம் உன் மனசு. மாப்ளே ஏத்திவிட்டுட்டார்."

என் காதில் விழுகிற சத்தத்தை இல்லை என்கிறான். எனக்கு வந்த கோபத்துக்கு வீடு வரை பேசவே இல்லை.

எழுதவே கூசுகிறது, ஆனால் இங்கே எழுதாமல் எங்கே எழுத. விற்றவரிடம் இவன் ஏதாவது கமிஷன் வாங்கியிருப்பானோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஒரு நிமிஷம் இல்லை. சமையல் முடியும் வரை.

மார்ச் 18, புதன்

கம்பெனி வாரண்டி போடுவதென்று முடிவு. இவரிடம் சொன்னேன். ஜெயித்த முகத்தைக் காட்டாமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார், பாவம். அண்ணனிடம் யார் சொல்வது என்று கேட்டேன். அவசரமாகத் திருத்த வேண்டிய விடைத்தாள் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார்.

மார்ச் 20, வெள்ளி

வாரண்டி போடும் முன் அவர்கள் காரைப் பரிசோதிக்க வேண்டுமாம். பரிசோதகர் வந்தார். கண்ணாடி போட்ட பெண்மணி, கையில் கிளிப் வைத்த பரீட்சை அட்டை. நான் ஸ்டார்ட் செய்தேன். பானெட்டைத் திறக்கும் முன்பே, "பெல்ட் ஓடுற உருளையில பேரிங் போயிருக்கு" என்றார்.

"திறந்துகூடப் பார்க்கலையே?"

"இதுக்குத் திறக்கணுமா? தெருக்கோடி வரைக்கும் கேக்குதே. இது நின்னுச்சுன்னா பெல்ட் அறுந்து வண்டி அங்கேயே படுத்துக்கும். முதல்ல இதைச் சரிபண்ணிட்டு வாங்க. ஏற்கனவே இருக்கிற கோளாறு வாரண்டியில வராது."

திறக்காமல் சொல்லிவிட்டார். அண்ணனுக்கு முப்பது வருஷ அனுபவம்.

மார்ச் 21, சனி

நேரே ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன், சண்டை போடுவதற்கு. எஞ்சினை அணைக்காமல், "இப்ப சொல்லு, சத்தம் இருக்கா இல்லையா?" என்றேன். கீச் கீச். எதிர்ப்பக்க டயர் கடைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அண்ணன் காரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். சத்தம் எப்போது வருகிறதென்று என் முகத்தில் தேடிக்கொண்டிருந்தான்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை.

பெல்ட்டைக் கழற்றி, அந்தச் சின்ன உருளையை எடுத்து விரலில் மாட்டிச் சுற்றினான். மணல் மாதிரி நறநறப்பது விரலுக்குத் தெரியுமாம். மறுபடி சுற்றினான். மறுபடியும்.

"எத்தனை நாளா கத்துது?"

"வாங்கின நாள்லேர்ந்து."

புதிதாக ஒன்று வாங்கி வந்து மாட்டினான். ஸ்டார்ட் செய்யச் சொல்லி மறுபடி என் முகத்தைப் பார்த்தான். சத்தம் போய்விட்டது என்று தலையாட்டினேன்.

மார்ச் 23, திங்கள்

அண்ணிக்குப் போன் செய்தேன். "நாலு வருஷமா எனக்குத் தெரியும்மா. டிவி சத்தம் தாங்காம பக்கத்து வீட்டுக்காரங்க நம்ம சீரியலையே கேட்டுக்கறாங்க, அவங்க டிவியைப் போடறதே இல்ல. டாக்டரைப் பார்க்கலாம்னா, 'காது கேக்காத மெக்கானிக்கிட்ட எவன் வண்டி விடுவான்'ங்கறாரு. அதுக்கு மேல நான் என்ன பேச?"

முப்பது வருஷம் காதுக்குப் பக்கத்தில் இரும்பை இரும்பால் அடித்திருக்கிறான். கேட்காமல் போனதில் என்ன ஆச்சரியம்.

மார்ச் 25, புதன்

அண்ணன் போன். அவனே செய்தான்.

"பாப்பா, அந்தக் கம்பெனிப் பேப்பரையே போட்டுடு."

ஏன் என்றேன்.

"விடிஞ்சும் விடியாம போற பொண்ணு. நான் கேட்டேன்னு சொல்லு மாப்ளேகிட்ட. அவர் சொன்னதுதான் சரி."

வச்சுட்டான். என்னால முடியல. சண்டை போட்டிருந்தா தேவலை, கத்தியிருந்தா தேவலை. மாப்ளே சொன்னதுதான் சரின்னு எங்க அண்ணன் சொல்றான். இதைக் கேக்கவா நான் அந்தப் பேப்பரைத் தூக்கிட்டு அலைஞ்சேன்? மூணு வீட்டுல ரத்தம் எடுக்கறப்ப என் முகத்தைப் பார்த்துட்டு, "என்னம்மா உடம்பு சரியில்லையா"ன்னு அவங்க என்னைக் கேக்கறாங்க.

மார்ச் 29, ஞாயிறு

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கமிஷன் என்று நினைத்ததைத் தவிர. அண்ணன் எழுதிய தாளைக் கேட்டார். கணக்குப் போடுகிற மாதிரி தாடையைத் தடவிக்கொண்டு, "கம்பெனிக்காரன் நமக்குக் கண்டிஷன் போடறான். மச்சான் வாரண்டி தராரு. அவருக்கு நாம ஏன் ஒரு கண்டிஷன் போடக் கூடாது?" என்றார்.

இருபது வருஷத்தில் இந்த மனுஷன் சொன்ன உருப்படியான யோசனைகளில் இதை முதலிடத்தில் வைக்கலாம். மற்ற இடங்கள் காலியாக இருக்கின்றன.

தாளின் அடியில் சிவப்பு மையால் சுத்தமாக எழுதினார்: "வாரண்டி கொடுப்பவர் வருடம் ஒருமுறை காதைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் சொல்வதை மாட்டிக்கொள்ள வேண்டும். தவறினால் இந்த வாரண்டி செல்லாது."

மார்ச் 31, செவ்வாய்

தாளை அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தான். கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது.

"எனக்குக் காது கேக்கலன்னு ஊருக்கே சொல்லப்போறியா?"

"ஊருக்கு எதுக்கு? உன் வாரண்டியில மட்டும்தான் எழுதியிருக்கு."

"கம்பெனி வாரண்டி போடச் சொன்னேனே."

"அவங்ககிட்ட தூங்கினாலும் எழுப்பலாம்னு இல்லையே அண்ணா."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கையெழுத்துப் போடவில்லை. வேலையிருக்கிறது, கிளம்பு என்றான்.

ஏப்ரல் 2, வியாழன்

கடைசி நாள். அண்ணனிடமிருந்து தகவலே இல்லை. நாலு மணிக்கு விற்றவர் போன். "மேடம், அஞ்சு மணியோட சிஸ்டம் க்ளோஸ் ஆயிடும்."

நாலே முக்கால் வரை வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். நடுரோட்டில் நின்றால் என்ன செய்வேன்? அவன் டாக்டரிடம் போகவே இல்லையென்றால்? காதும் கேட்காமல், வாரண்டியும் இல்லாமல். இவரைப் பார்த்தேன். "உன் கார், நீ சொல்லு" என்றார். இத்தனை நாள் வாய் ஓயாமல் பேசியவர், இன்றைக்கென்று பார்த்து.

நான் போன் செய்து வேண்டாமென்று சொன்னேன். அவன் போவான் என்று நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை, அவனைத் தவிர வேறு யாரும் என் காரைத் திறப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை.

இவர் பச்சைக் கோப்பைப் பழைய பேப்பரோடு போட்டார். பிறகு திரும்ப எடுத்து வந்தார். பின்பக்கம் வெற்றாக இருக்கிறதாம், பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் காட்ட உதவுமாம்.

ஏப்ரல் 4, சனி

அண்ணி போன். காலையில் அவனே சட்டை மாற்றிக்கொண்டு, "வா, அந்தக் காது டாக்டர் எங்க இருக்கான்னு காட்டு" என்றானாம்.

மே 17, ஞாயிறு

காதில் மெஷின் போட ஆரம்பித்த பிறகு அண்ணன் முதல் முறையாக என் காரில் ஏறினான். போட்டு ஒரு வாரம்தான் ஆகிறது. வீட்டில் இப்போது டிவியைக் குறை குறை என்று அவன்தான் சொல்கிறானாம். சட்னி அரைக்கும்போது அண்ணியைத் தோட்டத்துக்குப் போய் அரைக்கச் சொன்னானாம். ஒர்க்‌ஷாப்பில் யாரும் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு ஓடவில்லை. டயர் கடைக்காரர் மட்டும் நாலு பேர் எதிரில் அதென்ன என்று கேட்டாராம். "சத்தம் கேக்கற மெஷின்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தானாம்.

தெரு முனை தாண்டுவதற்குள் ஆரம்பித்தான். "கதவுல ஒரு கடகடப்பு. டேஷ்போர்டுக்குள்ள என்னமோ ஆடுது. கண்ணாடி ஏத்தறப்ப அழுவுது. இந்தக் காரையா நான் எடுக்கச் சொன்னேன்?"

"பன்னெண்டுல இதுதான் நல்லதுன்னு சொன்ன."

"மத்த பதினொண்ணும் எப்படி இருந்திருக்கும்," என்றவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வலது பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டேன். பேசிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான். கார் திரும்பியதும் அது அணைந்தது.

"திரும்பப் போடு பாப்பா."

"நேராத்தானே போறோம்?"

"போடேன்."

போட்டேன். டிக், டிக், டிக். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அதையே கேட்டுக்கொண்டு வந்தான். நான் சாலையைப் பார்த்துக்கொண்டேன், கண் கலங்கினால் ஓட்ட முடியாது. பின்னால் வந்த வண்டிக்காரர், நாங்கள் திரும்புவோம் திரும்புவோம் என்று காத்திருந்து பொறுமையிழந்து ஹாரனை அழுத்தினார்.

"கேக்குது, கேக்குது," என்றான் அண்ணன், திரும்பிப் பார்க்காமல்.