பற்றரி இறங்கின காரணம்

கட்டாரிலிருந்து முந்தாநாள் வந்த கணவன் ஹலீம் இன்னும் எழும்பவில்லை. கைறுன்னிஸா ஓட்டமாவடி பஸ்ஸுக்குப் புறப்படுமுன் கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள்:

"மச்சான், உம்மாவுக்குச் சுகமில்லயாம், பார்க்கப் போறன். மீன் ஆணம் அடுப்படில இருக்கு. காருக்குப் புதுப் பற்றரி போட பற்றரிக்காரர் ஒம்பது மணிக்கு வருவார். கார்ச் சாவி சீனிப் போத்தலுக்குப் பின்னால."

"மாரிக் குளிருக்கு ஒரு நாளாவது ஸ்டார்ட் பண்ணி வெச்சியா?" என்று நேற்று கார் ஸ்டார்ட் ஆகாதபோது அவன் ஏசியது நினைவுக்கு வந்தது. தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்:

"நீங்க சொன்ன மாதிரி ஒவ்வொரு நாளும் காலையில பத்து நிமிசம் ஸ்டார்ட் பண்ணித்தான் வெச்சன். பின்னேரத்தில எஞ்சினப் போடாம கார் ரேடியோவ மட்டும் போடுவன். பற்றரி இறங்கினது அதாலதான். பள்ளியில மஃரிபு பாங்கு சொல்லும்வரைக்கும் உங்கட சீட்டுக்குப் பக்கத்தில சும்மா இருப்பன்."