மஞ்சுவின் பொட்டு

திங்கள், 3
காலையிலிருந்தே தூறல். ஹேர்பின், ஸ்பிரே தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

மஞ்சு வந்தாள், கூடவே அவள் அண்ணி. வெள்ளிக்கிழமை கல்யாணம், உத்தனப்பள்ளி மண்டபம். பார்லர் வைக்கும் முன்பு அவளும் நானும் கம்பெனியில் ஆறு வருடம் ஒரே லைனில் வேலை. மேக்கப், ஜடை எல்லாம் பேசி முடித்த பிறகு சொன்னாள்: "எங்கம்மாதான் இல்லியே. பொட்டு நீயே வெச்சுடு ஸ்டெல்லா."

ஜெபத்துக்குச் சபைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து பொட்டு மட்டும் நான் வைப்பதில்லை. எந்தக் கல்யாணத்திலும் பெண்ணின் அம்மாதான். இதுவரை யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. அதைச் சொன்னதும் அண்ணிக்கு வந்ததே கோபம்: "கடைய தொறந்து வெச்சுட்டு எங்க சாமி வேற உங்க சாமி வேறயா? வர்றவங்கள மதம் பாத்து பிரிக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்குது."

நான் யாரைப் பிரித்தேன்? ஒரு பொட்டு.

செவ்வாய், 4
கரண்ட் இல்லை. கடையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். "ஏசுகாரங்களுக்குக் கடை தர்றதில்ல" என்ற ஓனரிடம் தெலுங்கில் அரைமணி நேரம் சண்டை போட்டு இதை வாங்கிக் கொடுத்ததே மஞ்சுவின் அம்மாதான்.

பாஸ்டருக்கு போன். "மனசாட்சிக்கு விரோதமா எதுவும் செய்யாதம்மா." அது இரண்டு பக்கமும் இழுத்தால்? கேட்கவில்லை.

புதன், 5
மஞ்சுவிடம் சொல்லிவிட்டேன். முடியாது, அண்ணி வைக்கட்டும். "சரி" என்றாள். அவ்வளவுதான்.

வெள்ளி, 7
விடிந்ததும் மண்டபம். ஜடை, பூ, மை, எல்லாம் நன்றாக வந்தது. மஞ்சு அவ்வளவு அழகு. பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே வழக்கம்போலக் கதவுப் பக்கம் குரல் கொடுத்தேன்: "அம்மாவக் கூப்புடுங்க, பொட்டு வெக்கட்டும்."

எல்லாக் கல்யாணத்திலும் சொல்வது. வாயில் வந்துவிட்டது. அந்த அம்மாவின் சாவுக்கு மூன்று நாள் கூடவே இருந்தவள் நான்.

மை கரையக் கூடாதென்று மஞ்சு முகத்தை மேலே தூக்கி வைத்துக்கொண்டு அழுதாள். அண்ணி கிட்டே வந்தாள். "வேணாம் அண்ணி," என்றாள் மஞ்சு. அட்டையிலிருந்து பொட்டை எடுத்துத் தானே ஒட்டிக்கொண்டாள். கண்ணாடியைப் பார்க்கவில்லை. கொஞ்சம் கோணல்.

அதை நேராக்க என் கை போகவில்லை. சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

சனி, 8
மழை. மஞ்சுவின் ஸ்டேட்டஸில் போட்டோக்கள். மாலை மாற்றும்போதும் கோணல், தாலி கட்டும்போதும் கோணல். அவ்வளவு கூட்டத்தில் ஒருவர் கண்ணிலும் படவில்லை போல. பார்த்தவள் நான் ஒருத்திதான்.