பூதங்கள் ஏன் ஓடவில்லை

மச்சான்,

உன் சாகசக் கதைகளைத் திறக்கும்போதெல்லாம் எனக்குத் தும்மல் வருகிறது. உன் மொன்ட்ரியால்-நோர் வீட்டை வெறுமையாக்கும்போது உன் அக்கா அவற்றை மிளகாய்த்தூள் வந்த பெட்டிக்குள் போட்டுத் தந்துவிட்டார். அந்தப் பெட்டி இப்போது புவாண்ட்-கிளேரில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. பக்கத்தைப் புரட்டுகிறேன், தும்முகிறேன், உன்னைத் திட்டுகிறேன்.

திட்டாமல் என்ன செய்வது? போன மாரியில் நீ போனபிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு நின்றுவிட்டது. மேசையைச் சுற்றியிருந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைத்து, சண்டை வந்தால் தாயக்கட்டை உருட்டி முடிவு பார்க்கிற விளையாட்டு. கதையை நடத்தியவன் நீ. மிஞ்சியவர்கள் துசி, அன்ரன், நான். துசி முடிவாகச் சொல்லிவிட்டாள்: "விளையாடினா அவன்ர கதையைத்தான் விளையாடோணும். நீ நடத்து. சரிவராட்டி இதோட விடுவம்."

அங்கேதான் தொல்லை தொடங்கியது. உன் கதைகள் எல்லாம் நாங்கள் பிறக்கமுதலே அச்சான பழைய விதிகளுக்கு எழுதப்பட்டவை. எங்கள் பாத்திரங்களோ புதிய பதிப்பின் விதிகளில். இத்தனை வருடமும் நீ பழையதைப் புதியதாகத் தலைக்குள்ளேயே மாற்றி மாற்றி நடத்தியிருக்கிறாய். "இதை எங்கேயாவது எழுதி வையடா" என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன்? நீ மூலைக்கடை டெப்பனரில் வாங்கிய சிப்ஸை மென்றபடி, "நீ சொவ்ற்வெயர்க்காரன், உனக்கு எல்லாம் எழுதி வைக்கோணும். பூதத்துக்கு உன்ர எக்செல் விளங்குமோ?" என்பாய். அன்ரன் விழுந்து விழுந்து சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

எக்செலிலேயே செய்தேன். பழைய விதியில் கவச எண் சிறியதாக இருந்தால் நல்லது. புதியதில் பெரியதாக இருந்தால் நல்லது. எந்தப் புத்திசாலி இப்படி யோசித்தானோ! கழித்துச் சரிசெய்தேன். பழைய விதியில் நஞ்சு பட்டு ஒரு உருட்டல் தவறினால் ஆள் செத்தான். புதியதில் கொஞ்சம் உயிர்ப்புள்ளி குறையும், அவ்வளவுதான். அதையும் மாற்றினேன். ஒரே ஒரு எண்ணுக்குத்தான் புதிய பதிப்பில் இடமே இல்லை. ஒவ்வொரு பூதத்துக்கும் ஒரு துணிவு எண் இருந்தது. கூட்டத்தில் பாதி விழுந்ததும் இரண்டு கட்டை உருட்டவேண்டும். கூட்டுத்தொகை அந்த எண்ணைத் தாண்டினால் மிச்சம் ஓடும் அல்லது சரணடையும்; தாண்டாவிட்டால் நின்று சண்டை பிடிக்கும். புதிய பதிப்பின் பூத விவரத்தில் அப்படியொரு கட்டம் இல்லை. கட்டமில்லாத தரவை வைத்து என்ன செய்வது? அந்த எண்கள் நின்ற நிரல் முழுவதையும் அழித்தேன்.

முதல் ஞாயிறு நாசம். குகை வாசலில் நின்ற காவல் பூதங்கள் கடைசி ஒன்று வரை நின்று சண்டை பிடித்தன. பின்னேரம் முழுதும் அந்த ஒரு வாசலிலேயே போனது. அன்ரனின் பாத்திரம் செத்தது. அவன் கட்டைகளைப் பையில் போட ஆரம்பித்தான்.

"என்னடா இது, எல்லாம் செத்துச் செத்து விழுதுகள்?" என்றாள் துசி. "ஒண்டு கூட ஓடாதோ? அவன் நடத்தேக்க பாதி நேரம் பிடிபட்டதுகளோடயெல்லோ கதைச்சுக்கொண்டிருந்தனாங்கள்!"

உண்மைதான். ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு, "அண்ணை, நான் சம்பளத்துக்கு நிக்கிறன், எனக்கேன் உங்களோட கோவம்?" என்று கெஞ்சிய அந்தக் கோணிய சொத்திமூக்குப் பூதம் நினைவிருக்கிறதா? பிறகு அது எங்களுக்குச் சமையல்காரனாகி, வழிகாட்டியாகி, அன்ரனிடம் கருவாட்டுக்குப் பேரம் பேசி, ஒரு வருடம் எங்களோடு திரிந்தது. அதெல்லாம் உன் பகிடி என்றுதான் நினைத்திருந்தேன். பகிடி உன்னுடையது. ஆனால் அது உயிரோடு மிஞ்சியதற்குக் காரணம் நான் அழித்த எண். நீ திரைக்குப் பின்னால் உருட்டிக்கொண்டே இருந்திருக்கிறாய், ஒரு வார்த்தை சொல்லாமல். சொன்னால் குறைந்தா போவாய்?

நிரலைத் திரும்பப் போட்டேன். அன்ரனிடம் இன்னும் ஒரு ஞாயிறு மட்டும் வரச்சொல்லிக் கெஞ்சவேண்டியிருந்தது. புதுப் பாத்திரத்தோடு, உம்மென்ற முகத்தோடு வந்தான். உள்குகையில் காவல் தலைவனின் ஆட்களில் பாதி விழுந்ததும் இரண்டு கட்டையை உருட்டினேன். தாண்டிவிட்டது. தலைவன் வாளைக் கீழே வைத்துவிட்டுக் குகை வாசலைப் பார்த்து நடந்தான்.

"எங்கயடா போறாய்?" என்றாள் துசி, பூதத்தைப் பார்த்து. அதாவது என்னைப் பார்த்து.

கதையில் அதற்குப் பதில் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: "காணும் அக்கா. நான் வீட்டை போறன்."

சொன்னபிறகுதான் அது யாருடைய பேச்சு என்று எனக்கு விளங்கியது. வைத்தியசாலைக் கட்டிலில், போதும் என்று நீ சொன்னது. டொக்டர் இன்னுமொரு சிகிச்சை இருக்கிறது என்றார்; நான் அதைப் பற்றிய கட்டுரைகளை அச்செடுத்துக் கொண்டுவந்து உன்னோடு வாதாடினேன்; நீ தாளைத் தொடவே இல்லை. "காணும் மச்சான். நான் வீட்டை போறன்."

துசியும் அன்ரனும் அன்று அந்த அறையில் நின்றவர்கள்தானே. அன்ரன் என்னைப் பார்த்து, "அப்ப அதைக் கட்டி வைக்கிறேல்லையா? பின்னால வந்து குத்தினா?" என்றான்.

"விடு," என்றாள் துசி. "போகட்டும்."

விட்டோம். அடுத்த ஞாயிறும் இருவரும் வருகிறார்கள். அன்ரன் முறுக்கு கொண்டுவருவானாம்.

உன்னில் எனக்கு இன்னும் கோபம்தான். ஒரு வழி மிச்சமிருந்தது. முயன்று பார்க்காமல் விட்டது எனக்கு இன்றுவரை மண்டையில் ஏறவில்லை, இனியும் ஏறாது. ஆனால் பாதி விழுந்ததும் கட்டையை உருட்டுகிறேன். தாண்டினால், வாசலை மறித்து நிற்பதில்லை.