பரிசீலனையில் இருக்கும் தலைவர்

மார்ச் 4

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். என் தொடருக்கு நானே மூன்று பெயர்களில் பாராட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். 'உண்மை விளம்பி' என்ற பெயரில், "வயிறு வலிக்கச் சிரித்தேன்." 'இல்லத்தரசி' என்ற பெயரில், "என் வீட்டுக்காரர்கூடச் சிரித்தார்." 'நடுநிலையாளன்' என்ற பெயரில், "எழுதியவர் யாரோ, மேதை." கடைசியாகச் சொன்னதற்குக் கீழே முன்பின் தெரியாத ஒருவன், "நீதானே அது?" என்று கேட்டுவிட்டான். மூக்குக்கண்ணாடி விற்றுப் பிழைக்கிறவனுக்கு ஐம்பத்திரண்டு வயதில் இது தேவையா?

தொடரின் பெயர் 'தலைவர் வந்துகொண்டே இருக்கிறார்'. படம் எடுப்பவர் பக்கத்துக் கடை ஸ்டூடியோக்காரர். எழுதுவது 'கொசு', அதாவது அடியேன். இணையத்தில் இரண்டு பாகம் வந்திருக்கிறது. எங்கள் தலைவர் எதைக் கேட்டாலும் "பரிசீலனையில் இருக்கு" என்பார். "மாத்திரை போட்டீங்களா?" என்று மனைவி கேட்டாலும் அதேதான்.

மார்ச் 5

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த வார்த்தை என் மூளையில் உதித்ததல்ல. மச்சானுடையது. மனைவியின் அண்ணன், எங்கள் பகுதியின் கவுன்சிலர். கடைத்தெருச் சாக்கடையைப் பற்றி எப்போது கேட்டாலும் மோதிர விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டு இதைத்தான் சொல்வார். அந்தத் தட்டலையும் விட்டுவைக்கவில்லை நான்.

மனைவிக்கு விஷயம் தெரியும். சாதம் போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஒண்ணுமில்லாத சண்டைக்கு ஆறு வருஷம் பேசாம இருந்த மனுஷன், போன வருஷம்தான் நம்ம படி ஏறினார். எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு அண்ணன். உங்க கொசுக்கடியால அது கெட்டுதுன்னா, உங்களுக்கு மருந்தடிச்சுடுவேன்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 9

ரசிகர்களை நேரில் பார்க்க ஒரு வழி கண்டுபிடித்தேன். படிக்கும் பார்வையைச் சோதிக்க எழுத்து அட்டைக்குப் பதிலாக, கைபேசியில் என் தொடரைப் போட்டு நீட்டினேன். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் புதுக் கண்ணாடியோடு முழுசாகப் பார்த்தார்.

"எப்படி சார்?"

"எழுத்து நல்லாத் தெரியுது. சிரிப்புதான் வரல."

மார்ச் 12

மூன்றாம் பாகம் வெளியானது. என் தலைவருக்கு இப்படியொரு கிராக்கி வரும் என்று நினைக்கவில்லை. ஆளுங்கட்சிக்காரர்கள் "எதிர்க்கட்சியைக் கிழித்துவிட்டாய்" என்கிறார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் "ஆளுங்கட்சிக்குச் சரியான சவுக்கடி" என்கிறார்கள். கேள்விப்படாத ஊர்களிலிருந்தெல்லாம், "இது எங்க ஊர் ஆளேதான், அந்த மோதிரம்கூட அதேதான்!" எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொரு ஊர். அப்பாடா. ஊருக்கு ஒரு மச்சான் இருக்கிறார்.

இன்று என் பங்குக்கு ஒரு பாராட்டுகூட எழுதவில்லை. தேவைப்படவில்லை.

மார்ச் 13

மச்சானே ஃபோன் செய்தார். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எடுத்தேன்.

"மாப்பிள்ளை, அந்தத் தலைவர் தொடரைப் பாத்தீங்களா? எதிர்க்கட்சி ஆளை அப்படியே உரிச்சு வெச்சிருக்கான்! யாரு அந்தக் கொசு?"

"விசாரிக்கிறேன் மச்சான்."

"விசாரிங்க, விசாரிங்க."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது எவ்வளவு பெரிய வரம்! மனைவி இரண்டு தோசைக்குப் பதில் நான்கு சுட்டுப் போட்டாள்.

மார்ச் 20

நூலக ஹாலில் கடைத்தெருக்காரர்கள் கூட்டம். மருந்துக்கடைக்காரர் எழுந்து, "சாக்கடை என்னாச்சு? நாத்தத்துல எங்க கடைக்கு நோயாளிகூட வரமாட்டேங்கறான்" என்றார். மச்சான் எழுந்தார். விரல் மேஜையைத் தட்டியது. வாயைத் திறந்தார். அவ்வளவுதான், ஹாலே கோரஸ் பாடியது:

"பரிசீலனையில் இருக்கு!"

ஒருத்தர் விசிலடித்தார். எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? நானும் சிரித்தேன். வாய்விட்டு.

அப்போதுதான் பார்த்தேன். மச்சான் தட்டிக்கொண்டிருந்த கையை மேஜைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார். சொல்ல வந்ததைச் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டார்.

மார்ச் 21

வீட்டில் பாத்திரங்கள் மட்டும் பேசுகின்றன.

மார்ச் 24

மச்சான் ஃபோனை எடுப்பதில்லை. மனைவி இன்று ஐந்து முறை முயன்றாள். "எடுக்கலங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. நாக்கில் நரம்பில்லாமல் திட்டத் தெரிந்தவள், ஒரு வார்த்தை திட்டவில்லை. ஏன்? — எனக்கே தெரியும் ஏன் என்று.

மார்ச் 25

கடையை மூடிவிட்டு நேரே மச்சான் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் வசனம் தயார் செய்தேன், எல்லாம் மறந்துபோனது.

"மச்சான், அந்தக் கொசு நான்தான்."

"தெரியும்."

"எ... எப்ப இருந்து?"

"மூணாம் பாகத்துல அந்தாளு தங்கச்சி வீட்டுக்குப் போய் காபிய மூணு தடவை சூடு பண்ணச் சொல்றாரே, அது எதிர்க்கட்சிக்காரனா? நானய்யா!"

"அப்புறம் ஏன் மச்சான் ஃபோன்ல அப்படிச் சொன்னீங்க?"

"நீங்களா ஒத்துக்கறீங்களான்னு பாத்தேன். விசாரிக்கிறேன்னீங்க பாருங்க, நீங்க அரசியலுக்கு வந்திருக்கணும்."

சிரிப்பார் என்று பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஊரே சிரிச்சுது, சரி. ஓட்டுப் போட்டவன் சிரிக்கத்தான் செய்வான். நீங்களும் சிரிச்சீங்களே மாப்பிள்ளை."

தப்புதான் என்றேன். அதற்குமேல் எந்த நகைச்சுவையும் வரவில்லை. எழுந்துவரும்போது, "உங்க தங்கச்சி ஃபோனையாவது எடுங்க" என்றேன்.

"எடுத்தா அவ அழுவா. அப்புறம் நானும் அழுவேன். கவுன்சிலர் அழுதா எதிர்க்கட்சிக்குத்தானே லாபம்? சனிக்கிழமை வரேன்னு சொல்லுங்க. காபி சூடா இருக்கணும்."

மார்ச் 28

வந்தார்! காபி நான்கு முறை சூடானது, மனைவி ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. அண்ணனும் தங்கையும் சேர்ந்து என்னை வறுத்தெடுத்தார்கள். பிறகு மச்சான் எழுந்து நின்று தலைவர் மாதிரி நடித்துக் காட்டினார். எங்கள் நடிகர் இவரிடம் பிச்சை வாங்க வேண்டும். ஸ்டூடியோக்காரர் கேள்விப்பட்டு, அடுத்த பாகத்துக்கு நாள் கேட்கச் சொல்கிறார்.

ஏப்ரல் 2

கடைத்தெருவில் பள்ளம் தோண்டும் இயந்திரம்! சாக்கடை வேலை தொடங்கிவிட்டது!

நாள் முழுக்கக் கால் தரையில் படவில்லை. மருந்துக்கடைக்காரரிடம் சொன்னேன், ஸ்டூடியோக்காரரிடம் சொன்னேன், கண்ணாடிக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன்: ஒரு ஹால் நிறையச் சிரிப்பு கவுன்சிலரை அசைத்தது, கவுன்சிலர் நகரசபையை அசைத்தார், கொசு கடித்து யானை எழுந்தது. இத்தனை வருடம் மனு கொடுத்தும் நடக்காதது, மூன்றே பாகத்தில் நடந்துவிட்டது.

ஏப்ரல் 3

என் கடைக்கு நேரெதிரே வேலையைப் பற்றிய பலகை நட்டிருக்கிறார்கள். தூரத்துக்கான கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தேன்.

பரிசீலனைக்கு எடுத்துக்கொண்ட நாள்: சென்ற ஆண்டு ஜூன் 11. அனுமதி வழங்கிய நாள்: மார்ச் 19.

நூலக ஹாலில் மச்சான் வாயைத் திறந்ததும், நாங்கள் எல்லோரும் கத்தியதும், மார்ச் 20.