மூட்டைகள் போகட்டும் என்று நிறுத்தி வைத்த பாட்டு

இன்று காலை கடைசி லாரி வந்துவிட்டது. மூட்டை தூக்குகிறவர்கள் குடோனுக்குள் போய் வந்துகொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு மூட்டை நகரும்போதும் சாக்குத் தூசியும் பழைய நெல்லின் வாசனையும் கிளம்பி எங்கள் அரிசி மில் வாசல்வரை வருகின்றன. அங்கேதான் டிரம் செட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த வாசனை பட்டாலே உனக்குத் தும்மல் வரும். தும்மி முடித்து, "ஏ மில்லு, உங்க நெல்லு என்னைக் கொல்லுதுடி" என்பாய். அப்படிச் சொல்ல ஆளில்லாமல் லாரி நிறைவது இதுதான் முதல் தடவை. அழுதுவிட்டேன், போ. அப்பாவிடம் தூசி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்னை முதலில் நான் பார்க்கவில்லை, கேட்டேன். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் போகும் காலேஜ் ரயிலில் நீடாமங்கலத்தில் ஏறி, டிபன் பாக்ஸ் மூடியில் தட்டிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு இருந்த டிரம் அதுதான். டீக்காரர் பிளாட்பாரத்தின் மறுகோடியில் நின்றார். நீ கதவில் தொங்கிக்கொண்டு "அண்ணே, ஒரு டீ!" என்றாய். பிளாட்பாரம் மொத்தமும் திரும்பியது. கிட்டாரைச் சுமந்துகொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அருள், "இவன விடக் கூடாது" என்று என் காதில் சொன்னான். உன் அப்பா துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுகிறவர், லீவு நாட்களில் நீயும் கூறுவாய் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து நீ எனக்கு ஏலம், நான் உனக்கு மில்லு. பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்ட ஞாபகமே இல்லை.

நாம் மூவரும் குழுவாகச் சேர்ந்து வாசிக்கப்போவதற்குப் பெயர் போஸ்ட்-ஹார்ட்கோர் என்று என் அப்பாவிடம் சொன்னபோது, "அப்படின்னா என்னம்மா?" என்றார். நீ முந்திக்கொண்டாய்.

"பாதி நேரம் கத்துவோம்ப்பா, பாதி நேரம் பாடுவோம். எப்ப எதுன்னு எங்களுக்கே தெரியாது."

அப்பா சிரித்துவிட்டார். குடோன் சாவி அப்போதே கைக்கு வந்தது. ஆனால் நெல் வந்தால் இடம் நெல்லுக்குத்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் நம் சங்கீதமும் நெல்லின் சொல்படிதான் நடந்தது. தை, மாசி அறுப்பு முடிந்ததும் மூட்டைகள் கூரைவரை ஏறிவிடும். நடுவில் ஒரு சந்து, அதற்குள் டிரம், கிட்டார், நீ. ஆடி பிறந்தால் குடோன் வெறும் தரை. பெரிய ஆல்பம் முடிக்கும்வரை இடம் நமக்குக் காத்திருக்காது என்பதால், நாலே பாட்டு வைத்துச் சின்னச் சின்ன வெளியீடாகப் போடலாம் என்று சொன்னதும் நீதான்.

முதல் வெளியீட்டை மூட்டைகளுக்கு நடுவில் பதிவு செய்தோம். நெல் மூட்டை சத்தத்தைக் குடித்துவிடும். நீ தொண்டை கிழியக் கத்தினாலும் வாயை விட்டு ஒரு முழம் தாண்டவில்லை. கேட்டவர்கள், காதுக்குள்ளேயே வந்து கத்துகிறான் என்றார்கள். இரண்டாவதை ஆடியில், காலிக் குடோனில் செய்தோம். வாயைத் திறந்ததும் உன் குரல் தகரக் கூரைவரை போய்ச் சுற்றிக்கொண்டு வந்தது. நீ அப்படியே நிறுத்திவிட்டு மேலே பார்த்தாய்.

"இங்க நான் கத்த வேணாம் மில்லு. குடோனே கத்துது."

அன்றைக்குத்தான் நீ பாட ஆரம்பித்தாய். பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரி, அவ்வளவு மெதுவாக. நான்கூடக் குச்சியை வைத்துவிட்டுக் கையால் தட்டினேன். ஒரு பாட்டின் கடைசியில் மட்டும் ஒரு கத்தல், அதோடு சரி.

வெளியிட்டதும் ரசிகர்கள் பிடித்துக்கொண்டார்கள். சவுண்டு மாறிடுச்சு, சாஃப்ட் ஆயிட்டானுங்க என்று ஒரே புலம்பல். இது எந்த ஸ்டுடியோ, என்ன எஃபெக்ட் என்று கேட்டவனும் உண்டு. எனக்குக் கோபம் தலைக்கேறியது. நீ நிதானமாகப் பதில் போட்டாய்: "எஃபெக்ட்லாம் இல்ல பாஸ், நெல்லு வித்துப் போச்சு." அவனுக்கு என்ன புரிந்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். நாம் வாரக்கணக்கில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அந்த ஆடியிலேயே, பதிவு முடிந்து எல்லாவற்றையும் எடுத்து வைக்கும் நேரத்தில், "மைக்க எடுக்காத, அடுத்ததுக்கு ஒண்ணு போட்டு வைக்கிறேன்" என்று குடோன் நடுவில் போய் நின்றாய். தாளம் இல்லை, கிட்டார் இல்லை. ஒரு கத்தல், அவ்வளவுதான். முடித்துவிட்டுக் குனிந்து மூச்சு வாங்கினாய். அந்த மூச்சும் கூரைவரை போய்த் திரும்பி வந்தது.

ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான் என்று போனில் நீயே சொன்னாய். அடுத்த வாரம் நீ இல்லை. அதற்கு மேல் அதை எழுத எனக்குத் தெம்பில்லை.

தை அறுப்புக்குப் பிறகு அருளும் நானும் மூன்றாவது வெளியீட்டில் இறங்கினோம். குடோனில் மூட்டை நிறைந்திருந்தது, பழையபடி சந்துதான். அருள் பாடினான். அவனுக்குக் கத்த வராது, மெதுவாகத்தான் பாடினான். நாலாவது பாட்டின் கடைசியில் உன் கத்தலுக்கு இடம் விட்டோம். முதல் பாட்டை மட்டும் முன்னோட்டமாகப் போட்டோம், அதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள், அவன் போனதும் இவர்கள் சாஃப்ட் ஆகிவிட்டார்கள் என்று. அடப் பாவிகளா, முதலில் மெதுவாகப் பாடினதே அவன்தானடா என்று பக்கம் பக்கமாக எழுதி, அனுப்பாமல் அழித்தேன். அவர்கள் என்னவும் சொல்லட்டும். உன் குரல் கடைசியாக வெளியே போகப்போவது அந்த நாலாவது பாட்டில்தான். அது நீ விட்டுப்போன மாதிரியே போக வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

உன் அம்மாவிடம் கேட்காமல் செய்யக் கூடாதென்று நாகப்பட்டினம் போனேன். வாசலில் மீன் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தவர், "வாம்மா மில்லு" என்றார். வீட்டிலும் இதே பெயரைத்தான் பரப்பி வைத்திருக்கிறாயா! ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "இன்னொருக்கா போடு" என்றார். போட்டேன்.

"அவன் கத்துறத ஊரே கேட்ருக்கு. முடிச்சிட்டு மூச்சு வாங்குறான் பாரு, அதுதான்மா என் புள்ள. ஏலம் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் இப்படித்தான் மூச்சு வாங்கிக்கிட்டே தண்ணி கேப்பான். பாட்டுல போட்டுக்கங்க. அத மட்டும் வெட்டிப்புடாதீங்க."

சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அருள் உன் கத்தலை எடுத்துப் பாட்டில் வைத்துப் பார்த்தான். ஒட்டவே இல்லை. நாங்கள் மூட்டைகளுக்கு நடுவில் அடைந்து கிடக்கிறோம், நீ மட்டும் எங்கோ பெரிய வெறும் இடத்தில் தனியாக நிற்கிறாய். அவன் கம்ப்யூட்டரில் எதிரொலியைத் துடைத்தான். கத்தல் கச்சிதமாக வந்து உட்கார்ந்தது. ஆனால் எதிரொலியோடு சேர்ந்து அந்த மூச்சும் போய்விட்டது.

"மூச்சுதானே, யாருக்கும் தெரியாது" என்றான்.

"அவங்க அம்மாவுக்குத் தெரியும்டா!" என்று கத்தினேன். நானும் சுமாராகக் கத்துகிறேன், ஏலம். நீ கேட்டிருந்தால் என்னைப் பிடித்து மைக் முன்னால் நிறுத்தியிருப்பாய்.

அருளும் பாவம்தான், இரண்டு வாரமாகச் சரியான தூக்கமில்லாமல் இதோடு மல்லுக்கட்டியவன். "பின்ன என்னதான் பண்றது, நீயே சொல்லு" என்று ஹெட்போனைக் கழற்றி வைத்தான்.

"அவன எதுக்கு நாம இங்க இழுக்கணும்? அவன் இருக்குற எடத்துக்கு நாம போவோம். நெல்லு போகட்டும். காலிக் குடோன்ல பாட்ட மொதல்லேருந்து திரும்ப வாசிப்போம். அவனத் தொடவே வேணாம்."

வெளியீட்டைத் தள்ளி வைத்தோம். குழு கலைந்துவிட்டது என்று பேசினார்கள், பேசட்டும் என்று விட்டுவிட்டேன். அப்பா மட்டும் எதுவும் கேட்காமல், ஆடி பிறந்ததிலிருந்து லாரிக்காரரைப் போன் போட்டு அரித்துக்கொண்டிருந்தார். இதோ, கடைசி மூட்டையும் ஏறிவிட்டது. அருள் கூப்பிடுகிறான். போய்விட்டு வருகிறேன்.

இப்போது சாயங்காலம். வாசித்துவிட்டோம்.

நாலாவது பாட்டின் முடிவில் நான் ஓங்கி ஓர் அடி அடித்துவிட்டு நிறுத்த வேண்டும். அங்கே உன் கத்தல் வரும். ஹெட்போனில் நீ கத்தினாய். என் அடியும் உன் குரலும் ஒரே கூரையைத்தான் தொட்டுத் திரும்பின. இந்தத் தடவை ஒட்டியது. நான் குச்சியைக் கீழே வைக்காமல், மூச்சிரைக்க அப்படியே உட்கார்ந்திருந்தேன். மைக்கை யாரும் அணைக்கவில்லை. பிறகு போட்டுக் கேட்டால், கடைசியில் உன் மூச்சோடு என் மூச்சும் விழுந்திருக்கிறது. எது உன்னுடையது என்று அருளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. வெட்டவா என்று அவன் கேட்கவும் இல்லை.

பாட்டை முதலில் உன் அம்மாவுக்குத்தான் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"கேட்டேம்மா. அப்படியே இருக்கு. கடைசியில ரெண்டு பேரு மூச்சு வாங்குறாப்புல கேக்குதே, இன்னொண்ணு யாரு?"

"நான்தான்ம்மா."



"தண்ணி குடிச்சியா கண்ணு?" என்றார்.

குடித்தேன், ஏலம்.