எருக்குக்கு அடித்த மருந்து

கீழக்கரை
06.10.2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஊர் வந்து பதினாறு நாளாகிறது. போனில் நீங்கள் கேட்கும்போதெல்லாம் 'நல்லா இருக்கேன்' என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. அதற்குமேல் உங்களுக்கும் பேச்சு வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன் என்று சொன்னேன். வாரத்துக்கு ஒருவராவது இங்கிருந்து ஷார்ஜா வருகிறார்கள். கொடுத்துவிடுவதில் சிரமமில்லை.

எப்போது திரும்புவாய் என்று கேட்டிருந்தீர்கள். தெரியவில்லை. உங்கள் மேல் கோபமா என்றும் கேட்டீர்கள். அதுவும் தெரியவில்லை.

பின்முற்றத்துச் செடிகளை உங்களை நம்பித்தான் விட்டு வந்திருக்கிறேன். சுவரோரம் இருப்பவை எருக்கு, ஐந்து. காட்டுச்செடியை வீட்டில் வைக்கிறாளே என்று சிரித்தீர்களே, அவைதான். மழைக்காலம் நம் ஊருக்கு எப்படியோ, அந்த ஊருக்கு வெந்தய வரியன் பட்டாம்பூச்சி. வெயில் தணிந்ததும் எங்கிருந்தோ வெகுதூரம் பறந்து வரும். வெந்தய நிறம், இறகோரத்தில் கறுப்பும் வெள்ளைப் புள்ளியும். பெயரை நம் மகள் மாஹிராதான் தேடிச் சொன்னாள். முட்டை வைக்க அதற்கு எருக்கிலை வேண்டும். தேன் குடிக்க மற்றப் பூச்செடிகள்.

விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வேரில் மட்டும் தண்ணீர் விடுங்கள். முட்டை பொரித்ததும் புழுக்கள் இலையைத் தின்னும். தின்னட்டும். செடி மொட்டையானாலும் மறுபடி துளிர்க்கும். எது சந்தேகமானாலும் என்னைக் கேளுங்கள்.

உங்கள்
ஆபிதா


ஷார்ஜா
20.10.2024

என் அன்பு ஆபிதாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடிதத்தில் எனக்கு நான்கு வரி, எருக்குக்கு ஒரு பக்கம். புருஷனாக இருப்பதைவிட செடியாக இருப்பது மேல் என்று நினைத்துக்கொண்டேன். சும்மா சொன்னேன், மனதில் வைக்காதே.

கடையில் வேலைக்குக் குறைவில்லை. தொழில்பேட்டையில் வண்டி கெட்டுப்போகாத நாள் உண்டா? கிளட்ச் பிளேட்டும் பெல்ட்டும் எடுத்துக்கொடுத்து இடுப்பு விட்டுப்போகிறது. மத்தியானம் சாப்பாடு ஓட்டலில். ராத்திரி நானே ரசம் வைக்கிறேன். பக்கத்து வீட்டு உம்மு சல்மா இரண்டு நாள் மீன் ஆணம் கொடுத்தனுப்பினாள்.

சரி, நீ கேட்க நினைப்பதைச் சொல்கிறேன். இந்த மாதம் பத்தாம் தேதியே வந்துவிட்டது. வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஒரே ஒரு வெந்தய வரியன். எருக்கிலையின் அடியில் வாலை வளைத்து ஒரு முட்டை வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனது. முட்டை குண்டூசித் தலையளவுகூட இல்லை. இவ்வளவு சின்ன சரக்கை இவ்வளவு தூரம் சுமந்து வந்து, என் வீட்டுச் சுவரோரத்தில் இறக்கி வைக்கிறது. அன்றைக்குக் கடையை ஒரு மணி நேரம் தாமதமாகத் திறந்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் உனக்காகக்கூட அப்படிச் செய்ததில்லை என்று நீ சொல்வாய். உண்மைதான்.

இந்த வெள்ளிக்கிழமை நிலவரப்படி இருபதுக்கும் மேல் புழுக்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரி போட்டு, சட்டை தைத்துப் போட்டதுபோல் இருக்கின்றன. சீக்கிரம் வா. நீயே வந்து பார்.

உன்
சுஐபு


கீழக்கரை
10.11.2024

அன்புள்ள மச்சானுக்கு,

ஸலாம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சந்தோஷப்பட வேண்டிய கடிதம் என்று தெரிகிறது.

மாஹிரா காலேஜ் விடுமுறைக்கு வந்திருந்தபோது இராமநாதபுரத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். 'அழுகை வருதாம்மா?' என்று கேட்டார். இல்லை என்றேன். 'சிரிப்பு?' என்றார். அதுவும் இல்லை என்றேன். எழுதிக்கொண்டார். மாத்திரை கொடுத்திருக்கிறார். சாப்பிடுகிறேன். பகலில் தூக்கம் வருகிறது.

புழுக்கள் இந்நேரம் கூடு கட்டியிருக்கும். எத்தனை என்று எழுதுங்கள்.

உங்கள்
ஆபிதா


ஷார்ஜா
01.12.2024

என் அன்பு ஆபிதாவுக்கு,

ஸலாம். இங்கே எல்லாம் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். மாத்திரையை விடாமல் சாப்பிடு.

கூடு பதினான்கு. பச்சை நிறத்தில், தங்கப் புள்ளி வைத்து, நீ சொன்ன மாதிரியேதான். மூன்று பறந்து போய்விட்டன. மற்றவையும் போய்விடும். செடிகள் நன்றாக இருக்கின்றன. புதிதாக இரண்டு பூச்செடிகூட வாங்கி வைத்திருக்கிறேன். நீ எதற்கும் கவலைப்படாதே. கவலைப்படுவதற்கு இங்கே ஒன்றுமில்லை.

கடையில் ஆள் நிற்கிறார்கள். மற்றவை பிறகு.

உன்
சுஐபு


கீழக்கரை
22.12.2024

அன்புள்ள மச்சானுக்கு,

ஸலாம். கடிதம் கிடைத்தது.

மழை விட்டிருக்கிறது. என் அறை ஜன்னலைத் திறந்தால் தங்கச்சி ஷம்சியா வீட்டு அடுப்படி தெரியும். ஒரே சுவர். அவள் மாப்பிள்ளை வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார். இரண்டு பேருக்கும் வீடு பக்கத்துப் பக்கத்தில் கட்டவேண்டும் என்று வாப்பா பிடிவாதமாக இருந்தார்கள். இப்போது இந்தப் பக்கம் மட்டும் விளக்கு எரிகிறது.

இதுவரை உங்களிடம் கேட்காத ஒன்றை எழுதுகிறேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பிப்ரவரியில் என் தங்கச்சி மௌத்தான செய்தி, அன்று ராத்திரியே உங்களுக்கு வந்துவிட்டது. என் போனை ரிப்பேர் என்று சொல்லி வாங்கிக் கடையில் வைத்துக்கொண்டீர்கள். மறுநாள் சாயங்காலம் அஸருக்குப் பிறகுதான் அடக்கினார்கள். காலை விமானத்தில் ஏறியிருந்தால் அவள் முகத்தைப் பார்த்திருப்பேன். மாஹிராவுக்குப் பரீட்சை, அது முடியட்டும் என்று நீங்களே முடிவு செய்தீர்கள். எனக்குச் சொன்னது நான்காம் நாள்.

அந்த நான்கு நாளை நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். இரண்டாம் நாள் பிரியாணி ஆக்கினேன். நீங்கள் நன்றாக இருக்கிறது என்று சொல்லி மறுசோறு வாங்கிச் சாப்பிட்டீர்கள். மூன்றாம் நாள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு துணி காயப்போட்டேன். ஷம்சியாவுக்குப் பிடித்த நிறம் என்று ஒரு சேலைகூட எடுத்து வைத்தேன். நான்காம் நாள் சாப்பாட்டில் உட்கார்ந்தபடி 'ஷம்சியா தவறிட்டா ஆபிதா, நாலு நாளாச்சு' என்றீர்கள். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? 'சோறு ஆறுது, சாப்பிடுங்க' என்றேன். அன்றைக்கு எனக்குள் நின்றது இன்னும் நின்றபடியே இருக்கிறது.

அந்தக் கோடைக்குப் பிறகுதான் எருக்கு விதை கொண்டுவந்து போட்டேன். ஏன் என்று எனக்கே தெரியாது. யாரும் சொல்லாமலே அந்தப் பூச்சிக்கு வரவேண்டிய நேரம் தெரிகிறது என்பதற்காக இருக்கலாம்.

எழுதாமல் விட்டது ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

உங்கள்
ஆபிதா


ஷார்ஜா
26.01.2025

ஆபிதாவுக்கு,

ஸலாம். உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

கூடு பதினான்கு என்று எழுதியது பொய். ஒன்றுகூட இல்லை.

அக்டோபர் கடைசியில் எருக்கில் மஞ்சளாகப் பேன் மாதிரி அப்பிக்கொண்டது. தண்டு தெரியாத அளவுக்கு. செடி பட்டுப்போனால் நீ உடைந்துபோவாய் என்று பயந்தேன். உன்னைக் கேட்டிருக்கலாம். ஒரு போன் போதும். உடம்பு சரியில்லாதவளை எதற்குத் தொந்தரவு செய்வது என்று நினைத்துச் செடிக்கடைக்குப் போனேன். மருந்து கொடுத்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, ஐந்து செடிக்கும் மேலும் கீழும் இலை நனைய அடித்தேன். பேன்தான் சாகும், பெரிய புழுவை என்ன செய்யும் என்று ஒரு நினைப்பு.

சனிக்கிழமை காலை போய்ப் பார்த்தால் புழுக்கள் தரையில் கிடந்தன. சில இலையைப் பிடித்த பிடியில் தலைகீழாகத் தொங்கின. வாயிலிருந்து பச்சையாக வழிந்திருந்தது. இரண்டு அப்போதும் நெளிந்துகொண்டிருந்தன. முறத்தில் அள்ளினேன். உம்மு சல்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து 'என்ன மச்சான்?' என்று கேட்டாள். 'ஒண்ணுமில்ல, குப்பை' என்றேன்.

அதற்குப் பிறகும் பட்டாம்பூச்சிகள் வந்தன, ஆபிதா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வந்து முட்டை வைத்துவிட்டுப் போயின. பொரித்த குஞ்சுப் புழுவெல்லாம் இரண்டு நாளில் செத்தது. மருந்து இலைக்குள் இருந்திருக்கிறது. கடைசியில், இனி வந்து ஏமாறவேண்டாம் என்று ஐந்து செடியையும் அடியோடு வெட்டிவிட்டேன்.

ஷம்சியா விஷயமும் அப்படித்தான். பரீட்சை என்று எல்லோரிடமும் சொன்னேன், என்னிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மை அதில்லை. சொன்னதும் உன் முகம் எப்படி மாறும் என்று பார்க்கப் பயமாக இருந்தது. அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். பிரியாணி நான் சாப்பிட்டது எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

திட்டு. எதை வேண்டுமானாலும் சொல். ஆனால் வந்து சொல். ஊரில் ஆறு மாதம் தாண்டினால் உன் விசா செல்லாது, மார்ச் பத்தொன்பதுக்குள் நீ இங்கே இறங்கவேண்டும். டிக்கெட் மாஹிராவுக்கு அனுப்பியிருக்கிறேன், மார்ச் பத்தாம் தேதிக்கு. முதல் நோன்பில் இல்லாவிட்டாலும் பத்தாவது நோன்பிலாவது வீட்டில் கஞ்சி காய்ச்ச ஆள் இருக்கட்டும்.

சுஐபு


கீழக்கரை
21.03.2025

அன்புள்ள மச்சானுக்கு,

ஸலாம். உங்கள் நோன்புகளை அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும்.

பத்தாம் தேதி விமானத்தில் நான் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நேற்று முன்தினம் ஆறு மாதம் முடிந்தது. அதுவரை எழுதக்கூடாது என்று இருந்தேன். எழுதினால் நீங்கள் கெஞ்சி எழுதுவீர்கள், அதற்காக நான் கிளம்பி வந்துவிடுவேன் என்று பயம்.

புழுக்கள் செத்தது எனக்கு நவம்பரிலேயே தெரியும். உம்மு சல்மா அன்றே போன் செய்தாள். 'லாத்தா, புழுவெல்லாம் செத்துக் கெடக்கு, மச்சான் மொறத்தோட நிக்கிறாஹ, மொகமே சரியில்ல. நீங்க எதுவும் கேட்டுக்கிறாதீங்க' என்றாள். கூடு எத்தனை என்று நான் எழுதிக் கேட்டது அதற்குப் பிறகுதான். நான் செய்ததும் சரியில்லை. உங்களைச் சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

பதினான்கு என்று உங்கள் கடிதத்தில் படித்ததும் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. உண்மையை எழுதினீர்களே, அப்போது அழுகை வரும் என்று காத்திருந்தேன். கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்தி மஃரிப் வரை உட்கார்ந்திருந்தேன். அதுவும் வரவில்லை. ஒவ்வொரு வரியும் புரிந்தது. நீங்கள் தனியாக முறத்தோடு நின்றதும் கண்ணுக்குத் தெரிந்தது. பாவம் என்று தோன்றியது. பக்கத்துத் தெருவில் யாருக்கோ நடந்ததைக் கேட்டால் தோன்றுமே, அந்த அளவுக்கு.

கோபம் இருந்திருந்தால் வந்திருப்பேன் மச்சான். சண்டை போடவாவது வந்திருப்பேன்.

நீங்கள் கெட்டவர் இல்லை. எனக்கு வலிக்கக்கூடாது என்றுதான் எல்லாம் செய்தீர்கள். ஆனால் எனக்கு என்ன நடந்தது என்பதை முதலில் உங்களுக்குத்தான் சொல்கிறார்கள், எனக்கு வேண்டியதை நீங்கள் பார்த்து எடுத்துக் கொடுக்கிறீர்கள். அப்படி இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டேன். இனி இருக்க முடியாது. இதை யோசித்துத்தான் எழுதுகிறேன். மாத்திரையின் வேலை இல்லை. டாக்டரிடமும் கேட்டேன்.

மாஹிராவிடம் நேற்று சொல்லிவிட்டேன். அழுதாள். பிறகு, 'வாப்பாவுக்கு நான் சொல்லவா?' என்றாள். வேண்டாம், நானே எழுதுகிறேன் என்றேன்.

என் துணிகளில் நல்லவற்றை உம்மு சல்மா எடுத்துக்கொள்ளட்டும். ஷம்சியாவுக்கென்று எடுத்து வைத்த சேலை அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அதையும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

பெருநாளுக்கு ஊர் வருவதானால் உங்கள் கூடப்பிறந்த லாத்தா வீட்டில் இறங்கிக்கொள்ளுங்கள். அவர்களிடம் பேசிவிட்டேன், மாடி அறையை ஒதுக்கித் தருகிறேன் என்றார்கள். மாஹிரா அங்கே வந்து உங்களைப் பார்ப்பாள். நாம் பிரிவதைப் பற்றி ஜமாஅத்தில் பேசவேண்டியதை நோன்பு கழிந்து பேசிக்கொள்ளலாம், அவசரமில்லை.

ரசத்தில் புளியைக் குறையுங்கள். உங்களுக்கு நெஞ்செரிச்சல் வரும்.

ஆபிதா